பீரோவுக்குள் இருபது திரை

முதல் வாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். 40 நிமிடப் பீரியட். டேப்களை (டேப்லெட்டுகளை) தூக்கி வந்து, பிள்ளைகளுக்குக் கொடுத்து, "டீச்சர் சார்ஜ் இல்ல", "டீச்சர் இது ஆன் ஆகமாட்டேங்குது", "டீச்சர் இவன் என்னுதப் புடுங்கிட்டான்" எல்லாம் ஓய்ந்து பாடத்தைத் தொடும்போது 17 நிமிடம் போயிருந்தது. திரும்ப வாங்கி அடுக்க இன்னொரு 8. மிச்சம் 15 நிமிடம். அந்த 15 நிமிடத்தில் நான் நடத்தியதைக் கரும்பலகையும் சாக்பீஸும் இருந்தால் ஐந்தே நிமிடத்தில் நடத்தியிருப்பேன்.

எங்கள் பள்ளி பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற பக்கம். தமிழ் மீடியம். அரசாங்கம் கேரளம், புத்தகம் கேரளா எஸ்சிஇஆர்டி தமிழில் போடுவது, பிள்ளைகள் வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ், கடைவீதிக்குப் போனால் பாதி மலையாளம். எங்களிடம் இருப்பது 6 லேப்டாப், 14 டேப். லேப்டாப்கள் அரசுத் திட்டத்தில் வந்தவை. டேப்கள் ஆன்லைன் வகுப்புக் காலத்தில் ஊர்க்காரர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தவை, அதனால் மூன்று கம்பெனி, இரண்டு விதமான சார்ஜர் முனை, ஒன்றுக்கொன்று பொருந்தாத உறைகள். கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. கொடுத்ததே பெரிது.

டேப்பில் என்ன ஆப் போடலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் ஆறு மாதம் மல்லுக்கட்டியது ஆப்போடு இல்லை, பீரோவோடு.

ஸ்டாஃப் ரூம் மூலையில் பழைய ரெஜிஸ்டர் அடுக்கியிருந்த இரும்பு பீரோ ஒன்று இருந்தது. ரெஜிஸ்டர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அதைச் சார்ஜ் பீரோ ஆக்கலாம் என்று இறங்கினோம். கடையில் இதற்கென்றே சக்கரம் வைத்த வண்டிகள் விற்கிறார்கள், விலையைக் கேட்டதும் அத்தோடு விட்டுவிட்டேன். டேப்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சூடேறும், அடியில் இருப்பதை எடுக்க மேலே உள்ள ஐந்தையும் தூக்க வேண்டும். நிற்கவைக்க ஏதாவது வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சத்துணவுக்கூடத்தில் தட்டு கழுவிக் கவிழ்க்கிற ஸ்டீல் ஸ்டாண்ட் கண்ணில் பட்டது. அதேதான். கொழிஞ்சாம்பாறைப் பாத்திரக் கடையில் இரண்டு வாங்கினோம், கம்பிக்குக் கம்பி இருந்த இடைவெளியில் உறையோடு டேப் சரியாக நின்றது. லேப்டாப்புக்கு அந்த இடைவெளி போதாது, அதற்கு ஆசாரி அண்ணன் பழைய பெஞ்சுப் பலகையை அறுத்து ஆறு தடுப்பு வைத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை, அவர் பேத்தி ஆறாம் வகுப்பு.

சார்ஜர்களை பீரோவுக்குள் வைக்காதீர்கள். இது நான் முதலில் செய்த தப்பு. இருபது சார்ஜரும் உள்ளே இருந்து கதவையும் சாத்தினால் அரை மணி நேரத்தில் உள்ளே கை வைத்தால் அடுப்படி மாதிரி இருக்கிறது, லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். அதனால் பீரோவின் முதுகுப் பக்கம் ஒரு பிளைவுட் பலகையை அடித்து, சார்ஜர்கள் எல்லாவற்றையும் அதில் வரிசையாக வெளியே மாட்டி, வயரை மட்டும் ஓட்டை போட்டு உள்ளே விட்டோம்.

இங்கேதான் இரண்டாவது தப்பு. ஓட்டை போட்ட தகரத்தின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் நாள் கதவைத் திறக்கக் கை வைத்தால் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல விறுவிறு என்றது. பிள்ளைகள் யாரையும் கிட்டே விடாமல் மெயினை ஆஃப் செய்துவிட்டு ஒயர்மேன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் வந்து பார்த்தார். ஒரு லேப்டாப் சார்ஜர் வயரின் தோலைத் தகரம் அறுத்து, உள்ளே இருந்த செம்பு பீரோவைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது லேப்டாப்புக்குப் போகிற 19 வோல்ட் பக்கம்தானே, அதில் எப்படி ஷாக் அடிக்கும் என்று கேட்டேன். சுவரில் இருந்த சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். "டீச்சர், இந்தப் பிளக்குல எர்த்துக்கு ஓட்டை இருக்குது, எர்த்துதான் இல்லீங்க." மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே வரவில்லை. சார்ஜருக்குள் இருக்கிற சிறு கெபாசிட்டர் வழியாக எப்போதும் துளி கரண்ட் கசியும், எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் தொடுகிறவர் உடம்பைத் தேடும். லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தொட்டால் சில வீடுகளில் ஜிவ்வென்று இருக்குமே, அதேதான்.

எர்த் வயர் இழுத்தோம். பீரோவின் உடம்புக்கும் தனியாக எர்த் கொடுத்தோம். லோடு மிஞ்சினால் துண்டிக்கிற 6 ஆம்பியர் எம்சிபி ஒன்று, கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. கரண்ட் கணக்கும் அவரே போட்டார்: லேப்டாப் சார்ஜர் 65 வாட் வீதம் ஆறுக்கு 390, டேப் சார்ஜர் 10 வாட் வீதம் பதினான்குக்கு 140, மொத்தம் 530 வாட், 230 வோல்ட்டில் அது இரண்டரை ஆம்பியர்கூட வராது. ஆக லோடு ஒரு பிரச்சினையே இல்லை. நாங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி வைத்திருந்ததுதான் பிரச்சினை, அதைப் பார்த்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

தகர விளிம்புக்கு என்ன செய்வது? ரப்பர் வளையம் கிடைக்கும், ஆனால் அதற்குப் பொள்ளாச்சிக்குத்தான் போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மறுநாள் பையிலிருந்து ஒரு முழம் சொட்டுநீர்க் குழாயை எடுத்துக் கொடுத்தான். 16 எம்எம் கறுப்புக் குழாய், எங்கள் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிற எந்த வீட்டிலும் சுருட்டிக் கிடக்கும். அதை நீளவாக்கில் பிளேடால் கீறி, ஓட்டை விளிம்பில் பல்லால் கவ்வுகிற மாதிரி மாட்டிவிட்டோம். இன்றைக்கு வரை நகரவில்லை.

சார்ஜ் போடும் நேரம் மதியச் சாப்பாட்டு வேளையும் கடைசிப் பீரியடும் மட்டும். நான்கு மணிக்கு மெயின் ஆஃப். ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுப் போவதில்லை, வாரக் கடைசியிலும் இல்லை.

அப்புறம் நம்பர். ஸ்டிக்கர் ஒட்டினால் பிள்ளைகள் நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒரு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். நெயில் பாலிஷ் போகாது. டேப்பின் முதுகில், சார்ஜர் வயரின் முனையில், ஸ்டாண்டின் கம்பியில், மூன்றிலும் ஒரே நம்பர். வால்பேப்பரும் அந்த நம்பர்தான், கறுப்புப் பின்னணியில் பெரிய வெள்ளை எழுத்து, வகுப்பின் கடைசியிலிருந்து பார்த்தாலும் எந்த டேப் யாரிடம் என்று தெரியும். 1 முதல் 14 வரை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வருஷம் முழுக்க ஒரே நம்பர். இது வந்தபிறகு 17 நிமிடம் 4 நிமிடமாகிவிட்டது, மிகையாகச் சொல்லவில்லை. என் நம்பர் டேப் என்று வந்ததும் அவர்களே துடைக்க ஆரம்பித்தார்கள். எங்கள் பிள்ளைகளின் விரலில் ஒரு பக்கம் தேங்காய் எண்ணெய், ஒரு பக்கம் சாக்பீஸ் பொடி, இரண்டும் திரையில் சேர்ந்தால் அது திரை இல்லை, தோசைக்கல். பழைய வேட்டித் துணியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்திருக்கிறேன், லேசாக நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும். வாசனை ஸ்பிரே எதுவும் திரையில் நேராக அடிக்க வேண்டாம்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று வேறொரு கூத்து. இரண்டு லேப்டாப்பில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானது இல்லை" என்று சிவப்பாக ஒரு பக்கம் வந்து நின்றது. வைரஸ் என்றார் ஒருவர். இந்த லேப்டாப்களில் விண்டோஸ் கிடையாது, உபுண்டுவை அடிப்படையாக வைத்து, பள்ளிகளுக்காகக் கேரள அரசின் கைட் நிறுவனம் தயாரிக்கிற லினக்ஸ்தான் (2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம்தான் 2017-இல் கைட் என்ற கம்பெனியாக ஆனது). வைரஸ் என்று எனக்குத் தோன்றவில்லை. அரை நாள் நெட்வொர்க்கைக் குடைந்துவிட்டு, தற்செயலாக மேலே மூலையைப் பார்த்தால் தேதி 2016 ஜனவரி 1. சிரிப்புத்தான் வந்தது. இணையதளங்கள் காட்டுகிற சான்றிதழுக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஒரு கெடு உண்டு. லேப்டாப் தன்னைப் பல வருஷம் பின்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று நம்ப மறுக்கும்.

காரணம் பட்டன் செல். லேப்டாப் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது உள்ளே இருக்கிற சிஆர் 2032 என்ற 3 வோல்ட் செல். அது ஏற்கெனவே செத்திருந்தது, பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்த வரை தெரியவில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் பூட்டிக் கிடந்து பெரிய பேட்டரியும் காலியானதும் கடிகாரம் நினைவிழந்துவிட்டது. அன்றைக்குத் தேதியைக் கையால் மாற்றி வேலையை ஓட்டினோம், அந்த வாரக் கடைசியில் செல்லை மாற்றினோம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில லேப்டாப்பில் செல் வெறுமனே குழியில் உட்கார்ந்திருக்கும், சிலதில் செல்லோடு சின்ன வயரும் பிளக்கும் சேர்ந்து வரும். பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது, இல்லாவிட்டால் என்னைப் போலப் பொள்ளாச்சிக்கு இரண்டு நடை.

இப்போது லீவு விடும்போது எல்லாவற்றையும் பாதி சார்ஜில் நிறுத்தி அணைக்கிறோம். நூறு சதவீதமும் வேண்டாம், பூஜ்யமும் வேண்டாம். மே மாதம் நடுவில் ஒருநாள் வந்து பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றுகிறேன்.

பேட்டரி என்றதும் ஐந்தாம் நம்பர் லேப்டாப் ஞாபகம் வருகிறது. டச்பேட் அழுந்தவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னது, நான் தண்ணீர் ஏதாவது கொட்டிவிட்டாயா என்று அதட்டிவிட்டேன். மேசையில் வைத்துப் பார்த்தால் லேப்டாப் தட்டையாக உட்காரவில்லை, ஒரு மூலையைத் தொட்டால் எதிர் மூலை எழுந்தது. அடிப்பக்கம் இட்லி மாதிரி உப்பியிருந்தது. உள்ளே பேட்டரி வீங்கி டச்பேடைக் கீழிருந்து முட்டிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் செய்யக் கூடாதது மூன்று: சார்ஜ் போடுவது, அமுக்கி மூடப் பார்ப்பது, உப்பலைக் குத்திப் பார்ப்பது. குத்தினால் தீப்பிடிக்கும். அணைத்து, பிள்ளைகள் இல்லாத வராந்தாவில் மணல் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுநாள் சர்வீஸ் கடையில் கொடுத்துப் பேட்டரியைக் கழற்றினோம். அந்தப் பிள்ளையிடம் அப்புறம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது மாதம் ஒருமுறை ஆறு லேப்டாப்பையும் மேசையில் வைத்து மூலைக்கு மூலை தட்டிப் பார்க்கிறோம், ஆடினால் தனியே எடுத்து வைத்துவிடுவோம்.

சரி, வகுப்புக்குள் வருவோம். ஒரு பிள்ளைக்கு ஒரு டேப் என்று நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை, வகுப்பில் 27 பேர். ஆளுக்கொன்று இருந்திருந்தால்தான் கெட்டுப்போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு பேருக்கு ஒன்று. ஒருத்தர் கை, ஒருத்தர் வாய். கை வைத்திருப்பவர் பேசக் கூடாது, வாய் வைத்திருப்பவர் திரையைத் தொடக் கூடாது, சொல்லித்தான் செய்ய வைக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்று. பின்னம் பாடத்தில் ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளை வைத்துச் செய்தபோது, வழக்கமாக வாயே திறக்காத ஒருத்தி "இல்ல இல்ல, கீழ நாலு, மேல மூணு, மேல!" என்று கத்தியதை நான் மறக்கமாட்டேன்.

நான் பேசும்போது திரை தெரியக் கூடாது. டேப் என்றால் குப்புறப் போடச் சொல்வேன். லேப்டாப் என்றால் பாதி மூடி. முழுக்க மூடினால் அது தூங்கிப்போகும், திரும்ப எழுப்ப ஒரு நிமிடம், அதனால் செட்டிங்ஸில் மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று மாற்றி வைத்தேன். ஆனால் அப்படியே பையில் போட்டால் உள்ளே ஓடிச் சூடாகும், ஆகவே பீரோவில் வைக்கும்முன் அணைத்தாயா என்று பார்க்க ஒரு லீடர். டேப்பில் விளையாட்டுப் பக்கம் ஓடாமல் இருக்க ஆண்ட்ராய்டிலேயே திறந்த ஆப்போடு திரையைப் பூட்டிவைக்கிற வசதி (ஸ்கிரீன் பின்னிங்) இருக்கிறது, செக்யூரிட்டி செட்டிங்ஸில் தேடினால் கிடைக்கும், திறந்த ஆப்பை விட்டு வெளியே போக பின் நம்பர் கேட்கும்படி வைக்கலாம். என் பின் நம்பரைப் பிள்ளைகள் நான்கே நாளில் கண்டுபிடித்தார்கள். பள்ளி தொடங்கிய வருஷத்தை வைத்தது என் மடத்தனம்.

இன்டர்நெட்டை நம்பிப் பாடம் திட்டமிடுவதை விட்டுவிட்டேன். கேரள-தமிழ்நாட்டு எல்லையில் போன் சிக்னல் எந்த நேரம் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கும் என்று அதற்கே தெரியாது, போதாததற்கு என் போன் ஹாட்ஸ்பாட்டில் பத்துக் கருவிக்கு மேல் ஏறவில்லை. பழைய ரவுட்டர் ஒன்றை இணைய இணைப்பே இல்லாமல் வெறுமனே ஆன் செய்து, ஒரு லேப்டாப்பில் கிவிக்ஸ் (இன்டர்நெட் இல்லாமலே விக்கிப்பீடியா படிக்க உதவும் மென்பொருள்) போட்டு, தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்திருக்கிறேன். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரை, எல்லா டேப்பிலும் பிரவுசரில் திறக்கிறது. டேப் மட்டும் "இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை, தொடரவா?" என்று கேட்கும், ஆமாம் என்று சொல்லி, மறுபடி கேட்காதே என்பதையும் தொட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பதினான்கு குரலில் "டீச்சர், இன்டர்நெட் இல்லையாமா!"

தமிழ் டைப்பிங்தான் எனக்குப் பிடித்த பகுதி. லேப்டாப்பில் முதலில் இருந்தவை ஆங்கிலமும் மலையாளமும். இன்புட் சோர்ஸில் தமிழ் சேர்க்கும்போது தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பே கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு காட்டும், எம்17என் என்று சேர்ந்து வருவதை எடுங்கள், அதில்தான் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் "அம்மா" வந்துவிடும், ம் எழுத இரண்டாவது கீயைத் தேட வேண்டாம். உயிரெழுத்தெல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. ஆங்கில எழுத்தை வைத்து உச்சரித்துத் தட்டுவதைவிட இது ஆறாம் வகுப்புக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது, ஏனென்றால் அவர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலே இன்னும் தகராறு. எழுத்துருவுக்கு மீரா இனிமை போட்டிருக்கிறேன், சுதந்திர மலையாளக் கம்ப்யூட்டிங் குழுவினர் தமிழுக்கென்று செய்த எழுத்துரு. மலையாளத்துக்காரர்கள் செய்த தமிழ் எழுத்தில் எங்கள் பிள்ளைகள் எழுதுவது இந்த ஊருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

டேப்பில் நான் அதிகம் பயன்படுத்துவது எது என்று கேட்டால், எந்தக் கல்வி ஆப்பும் இல்லை, வாய்ஸ் ரெக்கார்டர். ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய், நீயே கேள், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி வாசி. அவ்வளவுதான். "வாழைப்பழம் வழுக்கி விழுந்தான்" என்று எழுதிக் கொடுத்தேன். "வாளப்பளம் வளுக்கி விளுந்தான்" என்று வந்தது. நான் நூறு தடவை திருத்தியும் காதில் ஏறாதது, தன் குரலைத் தானே கேட்டதும் "அய்யே, நானா இப்படிச் சொல்றேன்?" என்று முகம் சுளித்தார்கள். வகுப்பில் வீட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளை ஒன்று உண்டு, தமிழ் வாசிப்பில் கடைசி. அவளுக்கு மட்டும் ழ முதல் தடவையே கணீரென்று வந்தது, மலையாளத்திலும் பழம் பழம்தானே. அன்று முழுக்க ஒவ்வொரு டேப்பாகப் போய் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். ஒரு காரியம், ஹெட்போனோ வகுப்பு மூலைகளோ இல்லாமல் பதினான்கு பேர் ஒரே நேரத்தில் பதிவு செய்ய முடியாது. நாங்கள் வேப்பமரத்தடி, வராந்தா, சைக்கிள் ஷெட் என்று பிரித்துவிடுகிறோம்.

இப்போது ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. கணவாய் வழியே வருகிற காற்று ஓட்டுக் கூரைக்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது, லேப்டாப் ஃபேன்கள் இரைய ஆரம்பித்திருக்கின்றன. சனிக்கிழமை ஆறையும் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஈர்க்குச்சியால் பிடித்துக்கொள்ள மறக்கக் கூடாது, வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். நான்காம் நம்பரின் கீல் உடைந்து திரை பின்னால் சாய்கிறது, புதுக் கீல் வரும்வரை ஆசாரி அண்ணன் மரக்கட்டை ஒன்றைச் செதுக்கி முட்டுக்கொடுத்திருக்கிறார். அந்தக் கட்டையிலும் யாரோ நெயில் பாலிஷில் 4 என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.